யார் பேசுவது 'நல்ல' ஆங்கிலம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்கும் மேல்படிப்புக்கும் கிளம்புகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இலக்கணச் சந்தேகங்களை வகுப்பிலேயே தீர்த்துவிடலாம். "நான் பேசுவது நல்ல ஆங்கிலமா?" என்று யாராவது தயங்கித் தயங்கிக் கேட்டால் ஒரு மணி நேரம் போதாது. அப்படி வருடக்கணக்கில் சேர்ந்த கேள்விகள் இவை. இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். அங்கே இது எப்படி நடக்கிறது என்று புரிந்தால் நம் பயமும் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

இங்கிலாந்தில் எல்லோரும் ஒரே ஆங்கிலம்தானே பேசுகிறார்கள்?

ஒருநாளும் பேசியதில்லை. இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன் 1490-இல் ஒரு கதையை எழுதிவைத்தார். தேம்ஸ் நதியிலிருந்து கப்பலில் கிளம்பிய வியாபாரிகள் சிலர், காற்று இல்லாததால் கரையோரம் தங்க நேர்ந்தது. ஒருவர் பக்கத்து வீட்டுக்குப் போய் 'எக்ஸ்' கேட்டார், அதாவது முட்டை. வீட்டுக்கார அம்மா, "எனக்கு பிரெஞ்சு தெரியாது" என்று சொல்லிவிட்டார். வியாபாரிக்குக் கோபம் வந்துவிட்டது, ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. கூட வந்தவர் 'எய்ரன்' வேண்டும் என்று கேட்ட பிறகுதான் அந்த அம்மாவுக்கு விஷயம் புரிந்தது. முன்னது ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தவர்கள் மூலம் வடக்கே ஊன்றிய சொல். பின்னது தெற்கத்திப் பழைய சொல். இரண்டுமே ஆங்கிலம்தான்.

எந்தச் சொல்லை அச்சிடுவது என்று காக்ஸ்டன் அன்றைக்குத் திண்டாடினார். அவருடைய அச்சகம் இருந்தது வெஸ்ட்மின்ஸ்டரில். அரசாங்கம், நீதிமன்றம், பணம் எல்லாம் லண்டனைச் சுற்றி இருந்ததால் அந்தப் பக்கத்து ஆங்கிலமே காலப்போக்கில் புத்தக மொழியானது. இன்று நாம் பாடத்தில் படிக்கும் பொது ஆங்கிலத்தின் வேர் அங்கே இருக்கிறது. மற்ற வழக்குகளைவிடத் தெளிவாகவோ இனிமையாகவோ இருந்தது என்பதற்காக யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இன்னொன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள். உச்சரிப்பு வேறு, வட்டார வழக்கு வேறு. பொது ஆங்கில இலக்கணத்தைத் துளியும் மீறாமல் லிவர்பூல் உச்சரிப்பில் பேசலாம். 'வி வாஸ்', 'ஐ டன் இட்' என்று இலக்கணமே மாறினால் அது வழக்கு. இந்த இரண்டும் குழம்பிப்போவதால்தான் உச்சரிப்பு வேறாக இருப்பவருக்கெல்லாம் 'இலக்கணம் தெரியாதவர்' என்ற பெயர் கிடைக்கிறது.

பிபிசி உச்சரிப்பு என்கிறார்களே, அது எந்த ஊர் உச்சரிப்பு?

எந்த ஊருடையதும் இல்லை. அதன் சிறப்பும் அதுதான், சிக்கலும் அதுதான். 19-ஆம் நூற்றாண்டில் ஈட்டன், ஹாரோ போன்ற உறைவிடப் பள்ளிகளுக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் பணக்கார வீட்டுப் பையன்கள் வந்து சேர்ந்தார்கள். பிறந்த ஊர் தெரியாத ஓர் உச்சரிப்பு அங்கே உருவானது. ஒலியியல் அறிஞர் டேனியல் ஜோன்ஸ் 1917-இல் உச்சரிப்பு அகராதி வெளியிட்டபோது அதற்கு 'பப்ளிக் ஸ்கூல்' உச்சரிப்பு என்றே பெயர் வைத்தார். (அங்கே பப்ளிக் ஸ்கூல் என்றால் அதிகக் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி.) 1926-இல் அந்தப் பெயரை 'ரிசீவ்டு ப்ரொனன்சியேஷன்' என்று மாற்றினார். சுருக்கமாக ஆர்.பி. ஏற்றுக்கொள்ளப்பட்ட உச்சரிப்பு என்று பொருள். யார் ஏற்றுக்கொண்டார்கள் என்று பெயர் சொல்லவில்லை. பழைய பெயர் அதைச் சொல்லிவிட்டது.

அதே 1926-இல் பிபிசி, அறிவிப்பாளர்கள் எப்படி உச்சரிக்க வேண்டும் என்று முடிவுசெய்ய ஒரு குழு அமைத்தது. கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் தலைவர், அவருக்குப் பிறகு பெர்னார்ட் ஷா. வானொலி வழியாக ஆர்.பி. நாடு முழுக்கக் கேட்டது. ஆனால் அதைப் பேசியவர்கள் கொஞ்சம் பேர்தான். 1970-களில் பீட்டர் ட்ரட்கில் என்ற மொழியியலாளர் போட்ட கணக்கு சுமார் 3 சதவீதம்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல், வில்ஃபிரட் பிக்கிள்ஸ் என்ற யார்க்‌ஷயர்க்காரரைத் தேசியச் செய்தி வாசிக்க வைத்தார்கள். ஜெர்மன்காரர்கள் பிபிசி குரலைப் போலிசெய்ய முடியாதபடி வேறு மாதிரி குரல் இருக்கட்டும் என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இரவுச் செய்தி முடிவில் அவர் 'குட் நைட்' என்பதைத் தன் ஊர் வழக்கில் 'குட் நீட்' என்றார். புகார்கள் குவிந்தன. வடக்கத்திக் குரலில் கேட்டால் செய்தியை நம்ப முடியவில்லை என்று சொன்னார்கள். அந்தப் புகார்களை எழுதியவர்களும் ஆங்கிலேயர்கள், கேலிக்கு ஆளான குரலும் ஆங்கிலேயருடையது. 'பிறவி ஆங்கிலேயர்' போலப் பேச ஆசைப்படும் என் மாணவர்களிடம் இதை அவசியம் சொல்வேன்.

சில ஒலிகள் இயல்பாகவே நாகரிகமாகவும் சில பட்டிக்காட்டுத்தனமாகவும் கேட்கின்றனவே?

இந்த ஒரு கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

'கார்', 'ஃபோர்த்' போன்ற சொற்களில் உயிரொலிக்குப் பின்னால் வரும் 'ர்' ஒலியை எடுத்துக்கொள்வோம். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் பக்கம் அது தேய்ந்து மறைந்தது. இன்று இங்கிலாந்தில் அதை விட்டுவிடுவதே படித்தவர் உச்சரிப்பு, 'கா', 'ஃபோத்' என்பது போல. தென்மேற்கே சாமர்செட், டெவன் பக்கத்து மக்கள் இன்னும் 'ர்' போட்டுப் பேசுகிறார்கள். நாடகத்தில் ஒரு விவசாயியைக் காட்ட வேண்டுமென்றால் நடிகர் அந்த 'ர்' ஒலியைத்தான் எடுத்துக்கொள்வார்.

இப்போது அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் போவோம். லண்டனைப் பார்த்து அங்கேயும் மேல்தட்டு மக்கள் ஒருகாலத்தில் 'ர்' ஒலியை விட்டார்கள். ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் பழைய வானொலி உரைகளைக் கேட்டால் இது தெரியும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மதிப்பு அப்படியே தலைகீழாகிவிட்டது. 'ர்' போட்டால் படித்தவர், விட்டால் தெருப்பேச்சு.

1962-இல் வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க மொழியியலாளர் இதை ஒரு எளிய வழியில் அளந்தார். பணக்காரர்கள் போகும் சாக்ஸ், நடுத்தர மக்களின் மேசிஸ், மலிவு விலைக்குப் பேர்போன எஸ். கிளைன் என்று மூன்று பெரிய கடைகளைத் தேர்ந்தெடுத்தார். நான்காவது மாடியில் என்ன விற்கிறது என்று முன்பே தெரிந்துகொண்டு, கடை ஊழியரிடம் போய் "பெண்கள் செருப்பு எங்கே?" என்பது போலக் கேட்பார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வரும். காதில் விழாதது போல "என்ன சொன்னீர்கள்?" என்பார். ஊழியர் இன்னொரு முறை அழுத்தித் திருத்தமாகச் சொல்வார். நகர்ந்துபோய், கண்ணில் படாத இடத்தில் நின்று, 'ர்' கேட்டதா இல்லையா என்று குறித்துக்கொள்வார். இப்படி 264 பேர். சாக்ஸில் 62 சதவீதம் ஊழியர்கள் ஒரு தடவையாவது 'ர்' போட்டார்கள். மேசிஸில் 51. கிளைனில் 20.

கவனியுங்கள், இவர்கள் எல்லோருமே விற்பனை ஊழியர்கள். சாக்ஸ் ஒன்றும் மேசிஸைவிடக் கூடுதல் சம்பளம் கொடுக்கவில்லை என்றும் லபோவ் எழுதினார். வாடிக்கையாளரின் அந்தஸ்து ஊழியரின் நாக்கில் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஒரே 'ர்'. இங்கிலாந்தில் வயல்காட்டு வாசனை, நியூயார்க்கில் பணக்கார வாசனை. ஒலிக்கென்று ஒரு நாகரிகம் இருந்திருந்தால் கடல் தாண்டியதும் அது மாறியிருக்காது. பேசுகிற ஆளுக்கு நாம் கொடுக்கும் மரியாதையைத்தான் அவர் பேசும் ஒலிக்கும் கொடுக்கிறோம்.

'ஆஸ்க்' என்பதை 'ஆக்ஸ்' என்று சொல்வது தப்புதானே?

பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல்லுக்கு இரண்டு வடிவமும் உண்டு. 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் 'ஆக்ஸ்' என்றே எழுதினார். 1535-இல் வந்த கவர்டேல் பைபிளில் 'கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்' என்ற வசனம் இந்த 'ஆக்ஸ்' வடிவத்தோடுதான் தொடங்குகிறது. பிற்பாடு லண்டன் பொது ஆங்கிலம் 'ஆஸ்க்' வடிவத்தை எடுத்துக்கொண்டது. மற்றது வட்டார வழக்குகளில் தங்கியது, அமெரிக்காவுக்கும் போனது. இன்று அது கறுப்பின மக்களின் பேச்சோடு சேர்த்து அறியப்படுவதால் 'அறியாமை' என்ற முத்திரை விழுந்துவிட்டது. வேதாகமத்தில் அச்சான சொல் அது.

இரட்டை எதிர்மறையும் இப்படித்தான். எதிர்மறைச் சொற்களை அடுக்கி அழுத்தம் கொடுப்பது சாசர் காலத்தில் சாதாரணம். 18-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் லோத் போன்ற இலக்கணக்காரர்கள், இரண்டு எதிர்மறை சேர்ந்தால் நேர்மறை ஆகிவிடும் என்று கணக்குப் பாடம் போல விதி எழுதினார்கள். அந்த விதி பள்ளிக்கூடத்துக்குப் போனது. பள்ளிக்குப் போக முடியாதவர்களின் பேச்சு பிழையானது.

கறுப்பின அமெரிக்கர் பேச்சில் 'இஸ்' விட்டுப்போகிறது, 'பீ' கண்ட இடத்தில் வருகிறது. அதில் இலக்கணம் எங்கே இருக்கிறது?

தமிழர்களுக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரியும். 'அவர் டாக்டர்' என்று சொல்கிறோம். நடுவில் 'இருக்கிறார்' போடுகிறோமா? அந்த வாக்கியத்தில் எதுவும் குறையவில்லை. 'ஷி நைஸ்' என்று 'இஸ்' இல்லாமல் சொல்வதும் அப்படித்தான். அதற்கும் விதி இருக்கிறது. பொது ஆங்கிலத்தில் 'இஸ்' எங்கே சுருங்கி வெறும் 'ஸ்' ஆக ஒட்டிக்கொள்ளுமோ, அங்கேதான் இந்த வழக்கில் அது விடுபடும். 'அவன் யார் என்று தெரியாது' என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் கடைசியில் 'இஸ்' வரும், அதைச் சுருக்க முடியாது. கறுப்பின வழக்கிலும் அந்த இடத்தில் அதை விடமாட்டார்கள். சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு கட்டுப்பாடு இருக்காது.

அடுத்தது 'பீ'. நாம் 'அவர் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்' என்றால் இப்போது நடப்பது. 'அவர் காலையில் காபி குடிப்பார்' என்றால் வழக்கமாக நடப்பது. கறுப்பின ஆங்கிலத்தில் 'ஹி பீ டிரிங்கிங்' என்பது இந்தக் 'குடிப்பார்'. இதை வைத்து ஜானிஸ் ஜாக்சன் என்ற ஆய்வாளர் குழந்தைகளிடம் ஓர் அழகான சோதனை செய்தார். அமெரிக்கக் குழந்தைகளுக்குத் தெரிந்த பொம்மைக் கதாபாத்திரம் குக்கீ மான்ஸ்டர் எப்போதும் பிஸ்கெட் தின்னும். படத்தில் அது காய்ச்சலில் படுத்திருக்கிறது, எல்மோ என்ற இன்னொரு பொம்மை பிஸ்கெட் தின்கிறது. 'யார் இஸ் ஈட்டிங்?' என்று கேட்டால் எல்லாக் குழந்தைகளும் எல்மோ என்றார்கள். 'யார் பீ ஈட்டிங்?' என்று கேட்டால் கறுப்பினக் குழந்தைகள் குக்கீ மான்ஸ்டரைக் காட்டினார்கள், வெள்ளைக் குழந்தைகள் எல்மோவையே காட்டினார்கள். பொது ஆங்கிலம் ஒரே வினைவடிவத்தில் சொல்லிவிட முடியாத ஒரு நுணுக்கத்தை அந்தச் சின்னக் குழந்தைகள் கேட்டவுடனே பிடித்துக்கொண்டார்கள்.

அப்படியானால் பள்ளிகள் ஏன் அதை ஏற்றுக்கொள்வதில்லை?

இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன். மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில், கறுப்பினக் குழந்தைகள் வாசிப்பில் பின்தங்கியதற்குப் பள்ளி அவர்களுடைய வீட்டு மொழியைக் கண்டுகொள்ளாததும் ஒரு காரணம் என்று பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1979-இல் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். ஆசிரியர்கள் அந்த வழக்கைத் தெரிந்துகொண்டு, அதைக் கணக்கில் வைத்துப் பொது ஆங்கில வாசிப்பைச் சொல்லித்தர வேண்டும் என்றார். அந்தப் பள்ளிக்கு மார்ட்டின் லூதர் கிங் பெயர்.

அப்புறம் 1996 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து பள்ளி வாரியம், இந்த வழக்கை 'எபோனிக்ஸ்' என்ற பெயரில் அங்கீகரித்து ஒரு தீர்மானம் போட்டது. வீட்டில் பேசுவதைப் பாலமாக வைத்துப் பொது ஆங்கிலத்துக்குக் கூட்டிப்போவது நோக்கம். செய்தி வெளியே போனபோது 'கொச்சைப் பேச்சைப் பாடமாக வைக்கப்போகிறார்கள்' என்று ஆகிவிட்டது. நாடே சிரித்தது. அடுத்த மாதமே அமெரிக்க மொழியியல் சங்கம் கூடி, இந்த வழக்கு மற்ற எல்லாப் பேச்சு மொழிகளையும் போல ஒழுங்கும் விதியும் உள்ளது, ஓக்லாந்தின் அணுகுமுறை மொழியியல்படியும் கற்பித்தல்படியும் சரி என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தைவிடக் கேலிதான் பலருக்கு நினைவிருக்கிறது. ஆசிரியராக எனக்கு இது வலிக்கிறது. பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் மொழி தெரியாத ஆசிரியர், பிழையையும் வழக்கையும் எப்படிப் பிரிப்பார்?

கேலிதானே, அதனால் என்ன நஷ்டம்?

வீடு கிடைக்காது. நீதிமன்றத்தில் உங்கள் வார்த்தை மாறிப்போகும்.

பைபிள் படிப்பவர்களுக்கு நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரம் ஞாபகம் இருக்கும். யோர்தான் துறையில் பிடிபட்டவர்களை 'ஷிபோலேத்' சொல்லச் சொன்னார்கள். எதிரிகளான எப்பிராயீமர் வாயில் 'சிபோலேத்' என்றுதான் வரும். அந்த ஒரு எழுத்துக்காக வெட்டிப்போட்டார்கள். இப்போது வாள் இல்லை, போன் இருக்கிறது. ஜான் பாவ் என்ற மொழியியலாளருக்குச் சிறுவயதிலிருந்தே மூன்று வழக்கும் சரளம்: பொது அமெரிக்க ஆங்கிலம், கறுப்பின ஆங்கிலம், மெக்சிக வம்சாவளியினரின் சிகானோ ஆங்கிலம். சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வாடகை விளம்பரம் கொடுத்தவர்களுக்கு ஒரே வாசகத்தை மூன்று வழக்கிலும் சொல்லி போன் செய்தார். 1999-இல் முடிவுகள் வெளிவந்தன. வெள்ளையர்கள் அதிகம் வாழும் பணக்கார ஊரான வுட்சைடில், பொது ஆங்கிலத்தில் கேட்டபோது ஏறக்குறைய 70 சதவீத அழைப்புகளில் 'வந்து வீட்டைப் பாருங்கள்' என்றார்கள். மற்ற இரண்டு வழக்கிலும் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. பேசியது ஒரே மனிதர்.

நீதிமன்ற விஷயம் இன்னும் மோசம். பிலடெல்பியாவில் சுருக்கெழுத்தாளர்கள் 27 பேரிடம் கறுப்பின வழக்கில் பதிவுசெய்த வாக்கியங்களைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். ஆய்வு வெளிவந்தது 2019-இல். இந்த வேலைக்குத் தகுதிச் சான்று வாங்க 95 சதவீதம் துல்லியம் வேண்டும். அவர்கள் பிழையில்லாமல் எழுதிய வாக்கியங்கள் 60 சதவீதத்தைத் தொடவில்லை. பல இடங்களில் யார், என்ன, எப்போது என்பதே மாறியிருந்தது. மேல்முறையீட்டு நீதிபதி படிப்பது அந்தக் காகிதத்தைத்தான்.

இங்கிலாந்திலும் உண்டு. 2002-இல் வந்த ஓர் ஆய்வில், போலீஸ் விசாரணை ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டவர்கள், சந்தேக நபர் பர்மிங்காம் உச்சரிப்பில் பேசியபோது அவரைக் கூடுதலாகக் குற்றவாளி என்று எடைபோட்டார்கள்.

இவ்வளவு நஷ்டம் என்றால் அவர்களே மாற்றிக்கொள்ளலாமே?

பலர் மாற்றிக்கொள்கிறார்கள். பலர் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். மாற்றிக்கொள்ளாதவர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மார்த்தாஸ் வினியார்ட் என்று ஒரு தீவு. 1960 வாக்கில் அங்கே நிரந்தரமாக இருந்தவர்கள் 6,000-க்கும் குறைவு. கோடையில் வந்துபோகும் பணக்காரர்கள் 40,000-க்கு மேல். மீன்பிடித் தொழில் படுத்துவிட்டது, கடற்கரை நிலம் கைமாறிக்கொண்டிருந்தது. இங்கேயும் லபோவ்தான் போனார். 'ரைட்', 'ஹவுஸ்' போன்ற சொற்களில் உயிரொலியைத் தீவுக்காரர்கள் பழைய மாதிரி வாயை அதிகம் திறக்காமல் உச்சரிப்பதைக் கவனித்தார். பழைய வழக்கம், தேய்ந்துபோயிருக்க வேண்டும். ஆனால் அது கூடிக்கொண்டு வந்தது. சில்மார்க் பகுதி மீனவர்களிடம் மிக அதிகம். தீவிலேயே வாழ்வது என்று முடிவெடுத்த இளைஞர்களிடமும் அதிகம். வெளியூர் போய்விட நினைத்தவர்களிடம் குறைவு. வாசல், நிலம், கடல் எல்லாம் கைவிட்டுப் போகும்போது, இது எங்கள் தீவு என்று சொல்ல அவர்களிடம் மிஞ்சியது அந்த உயிரொலி. தெரிந்து செய்தார்களா என்றால், அநேகமாக இல்லை. உச்சரிப்பு அப்படித்தான் மாறும், ஆசை வழியாக.

ட்ரட்கில் தன் சொந்த ஊரான நார்விச்சில் 1968-இல் ஆய்வு செய்தபோது இன்னொன்றைக் கண்டார். ஆண்கள் பலர் நிஜத்தில் பேசுவதைவிடத் தங்கள் பேச்சு 'கொச்சை' என்று சொல்லிக்கொண்டார்கள். பெண்கள் பலர் நிஜத்தைவிட 'திருத்தம்' என்று சொன்னார்கள். வெளியில் தெரியும் மரியாதை ஒன்று, கூட்டாளிகளுக்குள் இருக்கும் மரியாதை ஒன்று. இரண்டாவதை இழக்கப் பலரும் தயாராக இல்லை.

மாற்றிக்கொண்டவர்களுக்கும் பழையது முழுதாகப் போய்விடுவதில்லை. பிரிட்டிஷ் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் லிங்கன்ஷயரில் கிராந்தம் ஊர் மளிகைக்கடைக்காரரின் மகள். பேச்சுப் பயிற்சி எடுத்து, குரலையும் தாழ்த்தி, கேட்டால் ஊர் தெரியாதபடி ஆக்கிக்கொண்டவர். 1983 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியைச் சேர்ந்த டெனிஸ் ஹீலியோடு சூடாக வாக்குவாதம் நடக்கும்போது 'தேர்தலைக் கண்டு பயமா?' என்று கேட்க வந்தவர் வாயில் 'ஃப்ரிட்?' என்று வந்துவிட்டது. லிங்கன்ஷயர் வழக்கில் பயந்துவிட்டாய் என்று பொருள். கோபம் வந்ததும் அம்மா வீட்டுச் சொல் வந்து நின்றது.

உச்சரிப்பு மட்டுமா, சொற்களிலும் வர்க்கம் தெரியுமா?

தெரியும். 1954-இல் பேராசிரியர் ஆலன் ராஸ் ஒரு கட்டுரையில் பட்டியலே போட்டார். மேல்தட்டு ஆங்கிலேயர் கைக்குட்டை போலச் சாப்பாட்டு மேசையில் வைப்பதை 'நாப்கின்' என்பார்கள், அதை 'செர்வியட்' என்று சொன்னால் நடுத்தர வர்க்கம். வினோதம் என்னவென்றால், பகட்டாகக் கேட்கும் பிரெஞ்சுச் சொல்லைத் தேடிப்போனவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். மேல்தட்டுக்காரர்களுக்கு எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

ராணியின் ஆங்கிலம் மாறவே மாறாதாமே?

ராணியே மாறினார். இரண்டாம் எலிசபெத்தின் கிறிஸ்துமஸ் உரைகளை 1950-களிலிருந்து 1980-கள் வரை அளந்து பார்த்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. அவருடைய உயிரொலிகள், சாதாரணத் தென் இங்கிலாந்து மக்களின் உயிரொலிகளை நோக்கி நகர்ந்திருந்தன.

ஸ்காட்ஸ் என்பது மொழியா, வழக்கா?

ஸ்காட்லாந்து 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஸ்காட்ஸ் பேசத் தெரியும் என்றார்கள். அதற்குத் தனி இலக்கியம் இருக்கிறது, ஒருகாலத்தில் தனி அரசவையும் இருந்தது. எல்லைக்கோடு இலக்கணத்தில் கிடைக்காது, அரசியலில்தான் கிடைக்கும். நான் மொழி என்றே சொல்வேன். ஸ்காட்லாந்துக்காரர்கள் பேசும் ஆங்கிலம் வேறு, அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

லண்டன் பையன்கள் இப்போது என்ன பேசுகிறார்கள்? பழைய கிழக்கு லண்டன் வழக்கான காக்னி மாதிரியும் இல்லையே?

அது லண்டனின் புது வழக்கு. ஹாக்னி போன்ற கிழக்கு லண்டன் பகுதிகளில் ஜமைக்கா, மேற்கு ஆப்பிரிக்கா, வங்கதேசம் என்று பல இடத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே தெருவில் வளர்ந்ததில் உருவானது. ஆய்வாளர்கள் இதற்குப் பன்முகப் பண்பாட்டு லண்டன் ஆங்கிலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'மேன்' என்ற சொல் இதில் 'நான்' என்ற பொருளில்கூட வரும். கறுப்பினப் பிள்ளைகள் பேச்சு என்று செய்தித்தாள்கள் எழுதினாலும், அந்தத் தெருவில் வளர்ந்த வெள்ளைப் பிள்ளையும் இதையேதான் பேசுகிறான். லண்டனில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் வாயிலும் இது வரும். அப்பா அம்மா பதற வேண்டாம். அவர்கள் எந்தத் தெருவில் வளர்ந்தார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது.

சிங்கப்பூர், மலேசிய ஆங்கிலம்?

சிங்கப்பூர் அரசு 2000-இல் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தையே தொடங்கியது, 'சிங்லிஷ்' எனப்படும் உள்ளூர் ஆங்கிலம் வேண்டாம் என்று. ஆனாலும் மக்கள் விடவில்லை. சீனர், மலாய்க்காரர், தமிழர் மூவரும் சேர்ந்து உட்காரும் இடத்தில் யாருடைய மொழியாகவும் இல்லாமல் எல்லோருடைய மொழியாகவும் இருப்பது அதுதான். மலேசியாவில் சீன இளைஞர் ஒருவர் சாப்பாட்டுக் கடையில் 'மச்சா' என்றும் 'அண்ணே' என்றும் கூப்பிடுவதைக் கேட்டால் நம் மொழி அங்கே எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று தெரியும்.

நம் ஊரில் ஆங்கிலம் பேசினால் 'பீட்டர் விடுறான்' என்கிறார்கள், பேசாவிட்டால் மதிப்பதில்லை. என்ன செய்வது?

நியூயார்க் கடை ஊழியர் மாட்டிக்கொண்ட அதே இடம் இது. நம்மிடம் ஆங்கிலம் தெரிவது ஒரு தகுதி, கான்வென்ட் உச்சரிப்பு இன்னொரு தகுதி. 'எம்' என்ற எழுத்தை 'யெம்' என்று சொல்லும் பையனைப் பார்த்து வகுப்பே சிரிக்கும். தமிழில் சொல் முதலில் எகரம் வந்தால் பேச்சில் லேசாக யகரம் ஒட்டும். 'எங்கே' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அவன் நாக்கு தமிழ் விதியைச் சரியாகப் பின்பற்றுகிறது. பதினொன்றாம் வகுப்பில் தமிழ் வழியிலிருந்து மாறிப்போனபோது நானும் இந்தச் சிரிப்பைக் கேட்டேன். அதன்பிறகு அந்த வருடம் முழுக்கக் கை தூக்கவில்லை. 'யெம்' சரியாக ஒரு வாரம் போதும். கை தூக்கும் தைரியம் திரும்ப வர எனக்குக் கல்லூரி வரை ஆனது.

'பீட்டர்' என்ற கேலிக்கும் இதே பதில். மார்த்தாஸ் வினியார்ட் மீனவர்கள் கேட்டதுதான் அந்தக் கேலியும் கேட்கிறது: நீ எங்கள் ஆளா, இல்லையா? நண்பர்களோடு நம் பேச்சு, நேர்முகத் தேர்வில் பொது ஆங்கிலம் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதில் எந்தப் பொய்யும் இல்லை. மேடையில் ஒரு தமிழும் வீட்டில் ஒரு தமிழும் பேசிப் பழகியவர்கள்தானே நாம்.

சரி, ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கு பிரிட்டிஷ் உச்சரிப்பு கற்றுக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். பேச்சுத் தேர்வில் உச்சரிப்புக்கு மதிப்பெண் உண்டு, ஆனால் கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்பதுதான் அளவுகோல். தமிழ்ச் சாயல் இருப்பதற்காக யாரும் குறைக்கமாட்டார்கள். நேரத்தை இப்படிச் செலவிடுங்கள்: சொல்லில் எந்த அசையை அழுத்த வேண்டும், 'ஃப' ஒலியும் 'ப' ஒலியும் பிரிந்து கேட்கிறதா, வேகம் கூடிவிடுகிறதா. மருந்தின் பெயரையும் அளவையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லப் பழகுங்கள். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் வார்டில் உயிர் விஷயம்.

கேட்பதற்கும் பயிற்சி வேண்டும். தேர்வு முடிந்து போகும் ஊரில் எல்லோரும் செய்தி வாசிப்பவர் போலப் பேசமாட்டார்கள். கிளாஸ்கோ போகிறவர் கிளாஸ்கோ வானொலியை இங்கிருந்தே ஒரு மாதம் கேளுங்கள்.

நியூகாஸிலில் நோயாளிகள் என்னை 'பெட்' என்று கூப்பிடுகிறார்கள். வளர்ப்புப் பிராணி என்று கேலி செய்கிறார்களா?

இல்லவே இல்லை. இதைக் கேட்ட பெண் ஒரு வாரம் அழுதிருக்கிறாள். அந்த ஊர் வழக்கில் 'பெட்' என்றால் கோயம்புத்தூர்ப் பக்கம் 'கண்ணு' என்பார்களே, அதுதான். டெர்பி, நாட்டிங்காம் பக்கம் போனால் 'டக்' என்பார்கள். வாத்து என்று நினைத்துவிட வேண்டாம், அதுவும் 'கண்ணு'தான். வயதான பாட்டி ஒருவர் மருந்து வாங்கிக்கொண்டு "தேங்க் யூ, பெட்" என்றால், சிரித்துக்கொண்டே தலையணையைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.